தரிசனம் தலைவருடையதா, சபையுடையதா? மாற்றத்துக்குச் சபையைத் தயார்ப்படுத்துவது பற்றி

#1 பெரேயாவாசி

இந்தத் தலைப்பில் பிரசங்கம் நிறையக் கிடைக்கிறது, செய்முறைதான் கிடைப்பதில்லை. ஒரு மாதிரி நிலவரத்தை வைத்துப் பேசுவோமா?

ஞாயிறு ஆராதனைக்குச் சுமார் 150 பேர் கூடும் சபை. பாதிப் பேர் 50 வயதைத் தாண்டியவர்கள். இளம் குடும்பங்கள் வருகின்றன, ஓராண்டில் நின்றுவிடுகின்றன. புதிதாக வந்த போதகருக்குத் தெளிவான தரிசனம் இருக்கிறது: சபையார் வீட்டுக் குழுக்களாக வாரநாளில் கூட வேண்டும், ஆராதனையின் வடிவம் மாற வேண்டும், அக்கம்பக்கத்தாருக்கென்று ஒரு சேவை தொடங்க வேண்டும். மூத்தவர்கள் "இருக்கிறது போதும்" என்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? யார் தீர்மானிப்பது? தரிசனம் தவறு என்று தெரிந்தால் எப்படிப் பின்வாங்குவது? வசனம் மட்டும் போட்டுவிட்டுப் போகாமல், திங்கட்கிழமை காலையில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

#2 செயலர்மேசை

எல்லாரும் எருசலேமின் இடிந்த அலங்கத்தை (நகர மதிலை) எடுத்துக் கட்டிய நெகேமியாவைக் காட்டுவார்கள். காட்டட்டும், ஆனால் அவர் எந்த வரிசையில் செய்தார் என்று பார்த்துவிட்டுக் காட்டட்டும். எபிரெய நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதத்தில் அலங்கம் இடிந்து கிடக்கும் செய்தி கேட்கிறார், நிசான் மாதத்தில்தான் பெர்சிய ராஜாவிடம் வாய் திறக்கிறார். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். எருசலேமுக்கு வந்து மூன்று நாள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிறகு இரவில் சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு அலங்கத்தைச் சுற்றிப் பார்க்கிறார். ஏறியிருந்த மிருகம் நடக்க வழியில்லாத இடம் வரைக்கும் போகிறார். அதற்கப்புறம்தான் "வாருங்கள், கட்டுவோம்" என்ற அழைப்பு. அலங்கம் 52 நாளில் முடிந்தது. அந்த வேகத்துக்குக் காரணம் முன்னால் இருந்த அந்தப் பார்வையிடல்.

150 பேர் சபையில் இந்தப் பார்வையிடலுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். அந்த மூன்று மாதமும் பிரசங்க மேடையில் திட்டம் பற்றி மூச்சு விடக்கூடாது. பார்க்க வேண்டியவை:

வருகைப் பதிவு. தலையை எண்ணுவது போதாது, எட்டு வாரம் பெயர் பெயராகக் குறிக்க வேண்டும். வாரம் 150 என்றால் உண்மையில் 220 பேர் மாறி மாறி வரலாம். அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் முதல் செய்தி. தாளை வரிசையில் சுற்றுக்கு விட்டால் பாதிப் பேர் எழுத மாட்டார்கள். சபையாரை முகம் தெரிந்த இரண்டு பேர் வாசலில் நின்று, ஆராதனை முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து குறிக்கட்டும்.

பத்தாண்டு ஞானஸ்நான, திருமண, மாற்றுக் கடிதப் பதிவேடுகள். யார் போனார்கள் என்பதைவிட எந்தக் கட்டத்தில் போனார்கள் என்று பாருங்கள். முதல் குழந்தை பிறந்தபின் நின்றவர்கள் அதிகமா? அப்படியானால் பாட்டை மாற்றிப் பயனில்லை, கைக்குழந்தையோடு உட்கார ஓர் அறை வேண்டும்.

பொறுப்புப் பட்டியல். கதவைத் திறப்பவர், மைக் வைப்பவர், காணிக்கை எண்ணுபவர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் என்று ஒரு வாரத்தில் நடக்கும் அத்தனை வேலையையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் மூன்று இடத்தில் வந்தால் சிவப்புக் கோடு. புதிய திட்டத்தை முதலில் எதிர்ப்பவர் பெரும்பாலும் இந்தச் சிவப்புக் கோட்டுக்காரர்தான். அவர் பிடிவாதக்காரர் இல்லை, களைத்துப் போயிருக்கிறார்.

வரவு செலவு. மூன்றாண்டுக் கணக்கு. பொருளாளரிடம் பெயர் கேட்காதீர்கள், பரவலை மட்டும் கேளுங்கள்: முதல் பத்துக் குடும்பங்களிடமிருந்து மொத்தத்தில் எத்தனை பங்கு வருகிறது? பெயர் தெரிந்த போதகருக்கு அந்தக் குடும்பங்களிடம் நேராகப் பேச வராது.

கடைசியாக, 30 பேரோடு ஆளுக்கு 40 நிமிடம் உரையாடல். எல்லாரிடமும் ஒரே மூன்று கேள்வி: இந்தச் சபை உங்களுக்கு எப்போது உண்மையில் உதவியது? எது நின்றுபோனால் நீங்கள் வருந்துவீர்கள்? எதை யாரும் வெளியே சொல்வதில்லை? முப்பதில் ஐந்து பேராவது சபையை விட்டுப் போனவர்களாக இருக்கட்டும்.

இதில் சறுக்கும் இடம் ஒன்றுதான். முதல் மாதமே தரிசனத்தை அறிவித்துவிட்டால், பிறகு செய்யும் ஆய்வெல்லாம் அதற்குச் சாட்சி தேடுவதாகிவிடும். கேட்கப்படுகிறவர்களுக்கும் அது தெரியும்.

#3 கீழ்த்திசை

செயலர்மேசை பிரதர், அருமை. ஆனாலும் நெகேமியாவை மாதிரியாக வைப்பதில் எனக்கு ஒரு நெருடல். அவர் கையில் ராஜாவின் கடிதம் இருந்தது, கூடவே சேர்வைக்காரரும் (படைத்தலைவர்களும்) குதிரைவீரரும் வந்தார்கள். அவர் அதிபதி. போதகருக்கு அந்த அதிகாரம் கிடையாது, இருக்கவும் கூடாது.

அப்போஸ்தலர் 6-ஐ எடுங்கள். அங்கே தொடக்கம் தரிசனம் இல்லை, முறுமுறுப்பு. கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் (உணவுப் பங்கீட்டில்) விட்டுப்போனார்கள். பன்னிரண்டு அப்போஸ்தலரும் என்ன செய்தார்கள் என்று படிப்படியாகப் பாருங்கள். குறையை மறுக்கவில்லை. முழுச் சபையையும் கூப்பிட்டார்கள். தங்களால் எது முடியாது என்று சொன்னார்கள். எண் (ஏழு), தகுதி (நற்சாட்சி, ஆவி, ஞானம்) இரண்டையும் தாங்கள் வரையறுத்துவிட்டு, ஆளைத் தெரிந்தெடுக்கும் வேலையைச் சபையிடம் விட்டார்கள். பிறகு கைவைத்து அதிகாரத்தைக் கொடுத்தார்கள்.

சபை தெரிந்தெடுத்த பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கத்திலிருந்து முறையீடு வந்ததோ, அந்தப் பக்கத்தாரிடமே பந்தி விசாரணையைக் கொடுத்ததாகத் தெரிகிறது. நம்முடைய கமிட்டிகளில் நடப்பதோ "இளைஞர்களுக்கு ஒரு பிரதிநிதி". பதினோரு பேரில் ஒருவர். அவர் மூன்றாவது கூட்டத்துக்கு வரமாட்டார்.

மாதிரி நிலவரத்துக்கு நேரடியாகப் பொருத்தினால்: இளம் குடும்பங்களுக்கான ஏற்பாட்டைத் தீர்மானிக்கும் குழுவில் ஏழு பேர் என்றால் ஐந்து பேர் அந்தக் குடும்பங்களிலிருந்தே வரட்டும். செலவு அதிகாரத்தையும் ஒரு வரம்புக்குள் அவர்களுக்கே கொடுங்கள். ஒவ்வொரு நாற்காலி வாங்கவும் கமிட்டி அனுமதி வேண்டும் என்றால், கொடுத்தது பொறுப்பு, அதிகாரம் இல்லை.

#4 செயலர்மேசை

கடிதமும் குதிரைவீரரும் இருந்தது சரி. ஆனால் 5-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். வேலை மும்முரமாக நடக்கும்போது ஜனங்கள் கடனையும் வட்டியையும் சொல்லிக் கூக்குரலிடுகிறார்கள். "அலங்கம் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று அவர் சொல்லவில்லை. சபை கூட்டி, பிரபுக்களை நேருக்கு நேர் கேட்டு, நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். தானும் பன்னிரண்டு வருஷம் அதிபதிக்குரிய படியை வாங்கவில்லை. உங்கள் அப்போஸ்தலர் 6-ம் என் நெகேமியா 5-ம் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

#5 லீதியாள்

அடுத்த படிக்கு வருகிறேன். ஆய்வு முடிந்தது, குழு இருக்கிறது. இப்போது செய்யக்கூடாதது: "வருகிற மாதம் முதல் எல்லாம் மாறுகிறது" என்று அறிவிப்பது. செய்ய வேண்டியது: முடிவு தேதியோடு கூடிய ஒரு சோதனை.

பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் போதாது, புதுமைக்காகவே சிலர் வருவார்கள். ஆறு மாதம் என்றால் "சோதனை" என்று யாரும் நம்பமாட்டார்கள். ஒரே ஒரு மாற்றம் மட்டும். வீட்டுக் குழு, ஆராதனை வடிவம், அக்கம்பக்கச் சேவை மூன்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

தொடங்கும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிச் சபைக்கு வாசியுங்கள்: என்ன மாறும், என்ன மாறாது, எந்தத் தேதியில் முடியும், எந்த அடையாளம் தெரிந்தால் தொடர்வோம், எது தெரிந்தால் நிறுத்துவோம், யார் மதிப்பிடுவார்கள். "என்ன மாறாது" என்ற வரிதான் மூத்தவர்களுக்கு முக்கியம். திருவிருந்து நடக்கும் ஞாயிறும் முறையும் மாறாது, அடக்க ஆராதனை முறை மாறாது என்று எழுத்தில் இருந்தால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

மதிப்பீட்டுக்கு வருகை எண் மட்டும் போதாது. வீட்டுக் குழு என்றால் நான்காம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் மூன்று விஷயம் எண்ணுங்கள்: தொடர்ந்து வருகிறவர் எத்தனை, போதகர் இல்லாமலேயே ஒருவர் நோயை மற்றவர் விசாரித்த சம்பவம் எத்தனை, முன்பு பொறுப்பில்லாத எத்தனை பேர் இப்போது ஏதாவது நடத்துகிறார்கள். மூன்றாவது எண் பூஜ்யம் என்றால், பழைய ஆட்களே இன்னொரு கூட்டம் சேர்த்து நடத்துகிறார்கள் என்று அர்த்தம்.

சோதனை கெட்டுப்போகும் வழிகள்: போதகரே எல்லாக் குழுவுக்கும் போய் உட்காருவது (அப்புறம் அவர் இல்லாத வாரம் கூட்டமே இல்லை), பன்னிரண்டாம் வாரம் மதிப்பீடு செய்யாமல் நழுவ விடுவது, புதியதைத் தொடங்கிப் பழையதில் எதையும் நிறுத்தாமல் இருப்பது. ஒரு குடும்பம் ஏற்கெனவே வாரம் மூன்று நாள் ஆலயத்துக்கு வருகிறது என்றால் நான்காவது நாளைக் கேட்காதீர்கள். புதன் கூட்டத்தைப் பன்னிரண்டு வாரம் நிறுத்தி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

#6 சும்மா_படிப்பவன்

வாக்கெடுப்பா, ஒருமனமா? அதைச் சொல்லுங்கள். எல்லாச் சண்டையும் அங்கேதான்.

#7 தச்சன்பட்டறை

வாக்கெடுப்பு வேகமானது, ஆனால் 52க்கு 48 என்று வந்தால் நீங்கள் ஜெயிக்கவில்லை, சபையை இரண்டாக அளந்திருக்கிறீர்கள். அதே நேரம் "எல்லாரும் சம்மதித்தால்தான்" என்றால் ஒரே ஒருவர் சபையைப் பத்தாண்டு பிணையாக வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் பழகிய வழிகள் உண்டு.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாக்கெடுப்பதே இல்லை. எழுத்தர் கூட்டத்தின் மனதைக் கவனித்து, அங்கேயே, அந்த நிமிடமே தீர்மானத்தை எழுதி வாசித்துக் காட்டுவார். ஏற்றால் அதுதான் முடிவு, இல்லையென்றால் திருத்துவார் அல்லது தள்ளிவைப்பார். இதில் எந்தச் சபையும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று: தீர்மான வாசகத்தைக் கூட்டம் கலையுமுன் எழுதி வாசிப்பது. ஒரு வாரம் கழித்துச் செயலாளர் வீட்டில் உட்கார்ந்து எழுதும் மினிட்ஸ்தான் பாதிச் சண்டைக்கு வேர்.

நடைமுறையில் நான் சிபாரிசு செய்வது நான்கு நிலைக் கேள்வி: முழுச் சம்மதம், குறை உண்டு ஆனால் சம்மதம், சம்மதமில்லை ஆனால் தடுக்கமாட்டேன், தடுக்கிறேன். நான்காவதைச் சொல்பவர் காரணத்தையும் மாற்று வழியையும் சொல்லியாக வேண்டும். மூன்றாவது நிலையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், தீர்மானம் நிறைவேறினாலும் செயல்படுத்தாதீர்கள். முகம் சுளித்துக் கைதூக்கியவர்கள் வேலைக்கு வரமாட்டார்கள்.

பெரிய அளவில் பார்க்க 1947-க்குப் போக வேண்டும். தென்னிந்தியத் திருச்சபை அந்த ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. பேச்சு தொடங்கியது 1919-இல் தரங்கம்பாடியில். 28 ஆண்டு! ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட், ஏற்கெனவே 1908-இல் இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர வேண்டும். முட்டிக்கொண்ட இடம் பேராயர் அபிஷேகம்: பேராயர் கைவைக்காத போதகரை ஏற்பதா? "எல்லாரும் மறுபடி அபிஷேகம் பெறுங்கள்" என்று கேட்டிருந்தால் இணைப்பே நடந்திருக்காது. ஆகவே, இருக்கிற போதகர்கள் அனைவரும் அப்படியே ஏற்கப்பட்டார்கள். இனி வருகிறவர்களுக்கு மட்டும் பேராயர் அபிஷேகம். மாறுகாலமாக முப்பது ஆண்டு. மனசாட்சியின்படி மறுக்கும் எந்தச் சபைமீதும் அது ஏற்காத போதகரைத் திணிப்பதில்லை என்ற வாக்குறுதி. அப்படியும் இன்றைய ஆந்திரத்திலுள்ள நந்தியால் பகுதி ஆங்கிலிகன் சபைகளில் பெரும்பாலானவை அப்போது வெளியே நின்றுவிட்டன. வெளியே நின்றவர்களுக்காக மற்றவர்கள் காத்திருக்கவில்லை, அவர்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவும் இல்லை.

1919 கூட்டத்தின் முன்னணியில் இருந்தவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-இல் ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். 1945 ஜனவரி 1-ஆம் தேதி இறந்தார். இணைப்பை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவர் இல்லாமலும் வேலை நடந்தது, ஏனென்றால் எல்லாம் எழுத்திலும் பல கைகளிலும் இருந்தது.

#8 ஆவியின்வாள்

மன்னிக்கவும், இதெல்லாம் கம்பெனி நிர்வாகம். வருகைப் பதிவு, பன்னிரண்டு வாரச் சோதனை, நான்கு நிலை. ஆவியானவர் எங்கே? மோசே செங்கடலைப் பிளக்கக் கமிட்டி கூட்டினாரா?

#9 கீழ்த்திசை

செங்கடலுக்குக் கூட்டவில்லை பிரதர். ஆனால் கொஞ்சம் தள்ளி யாத்திராகமம் 18-இல், காலை முதல் மாலை வரை தனியே உட்கார்ந்து நியாயம் விசாரித்த மோசேயிடம் மாமனார் எத்திரோ "நீர் செய்கிறது நல்லதல்ல" என்று சொல்லி, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு அதிபதிகளை வைக்கச் சொன்னார். எத்திரோ மீதியான் தேசத்து ஆசாரியர். மோசே தரிசனக்காரர்தான், முட்செடியைக் கண்டவர்தான். வெளியாள் ஒருவரின் நிர்வாக யோசனையை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஆவிக்குரியதா, நிர்வாகமா என்ற கோடு அங்கே இல்லை.

அப்போஸ்தலர் 15-உம் அப்படித்தான். "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதும் முன், யூதரல்லாத விசுவாசிகளும் விருத்தசேதனம் செய்ய வேண்டுமா என்று மிகுந்த தர்க்கம் நடந்தது. பேதுரு நடந்ததைச் சொன்னார், பர்னபாவும் பவுலும் விவரித்தார்கள், சபை மௌனமாயிருந்து கேட்டது, யாக்கோபு வேதத்தோடு ஒத்துப்பார்த்தார். முடிவைக் கடிதமாக எழுதினார்கள். அதைப் பவுல், பர்னபா கையில் மட்டும் கொடுத்து அனுப்பாமல் யூதாவையும் சீலாவையும் கூட அனுப்பினார்கள், வாய்மொழியாக விளக்க. வழக்கில் சம்பந்தப்பட்டவர் மட்டுமே தீர்ப்பைக் கொண்டுபோனால் யார் நம்புவார்?

#10 ஆவியின்வாள்

யூதா, சீலா விஷயம் நன்று. ஆனால் ஜெபத்தைக் கடைசி வரிசையில் தள்ளாதீர்கள் என்பதுதான் என் முறையீடு.

#11 மொரேவியன்விளக்கு

தள்ள வேண்டாம், ஆனால் வரிசையைப் பாருங்கள். ஹெர்ன்ஹூட் 1722-இல் ஜெர்மனியில் சின்செண்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் மொரேவிய அகதிகள் கட்டிய ஊர். நான்கைந்து ஆண்டுக்குள் பல பின்னணிக்காரர்கள் சேர்ந்து சண்டையில் மூழ்கிவிட்டது. 1727 மே 12-ஆம் தேதி எல்லாரும் ஓர் எழுதப்பட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள், பன்னிரண்டு மூப்பர்களைத் தெரிந்துகொண்டார்கள். கோடைகாலம் முழுவதும் சிறு குழுக்களாகக் கூடினார்கள். ஆகஸ்ட் 13 திருவிருந்தில் அவர்கள் ஆவியின் ஊற்றுதல் என்று நினைவுகூரும் அனுபவம். ஆகஸ்ட் 27-இல் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கு மணி மாறி ஜெபிக்கும் காவல் தொடங்கியது. அது நூறாண்டுக்கு மேல் தொடர்ந்தது. முதல் மிஷனெரிகளாக 1732-இல் புறப்பட்டவர்கள் ஒரு குயவரும் ஒரு தச்சரும்.

ஆக, ஜெபக் காவலைத் தாங்கியது மணி நேரப் பட்டியல். யார் எத்தனை மணிக்கு என்று பெயர் எழுதாமல் "எல்லாரும் ஜெபியுங்கள்" என்றால் மூன்றாம் வாரம் யாரும் ஜெபிக்கமாட்டார்கள். 150 பேர் சபையில் 48 பேர் கிடைக்காவிட்டால் வாரம் ஒரு நாள், காலை ஆறிலிருந்து இரவு ஒன்பது வரை அரை மணி வீதம் முப்பது இடம். ஓர் இடத்துக்கு ஒருவர், மாற்று ஆள் ஒருவர்.

#12 அன்பியம்

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

முதலாவது, துறவு மடங்களுக்குப் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குமுறையின் மூன்றாம் அதிகாரம். முக்கியமான காரியம் என்றால் மடாதிபதி முழுக் குழுமத்தையும் கூட்டிக் கேட்க வேண்டும், ஏனென்றால் நல்லதை ஆண்டவர் பல நேரம் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார். சிறிய காரியத்துக்கு மூத்தவர்களைக் கேட்டால் போதும். கேட்டபின் முடிவு மடாதிபதியுடையது. ஆறாம் நூற்றாண்டு ஏற்பாடு. நம் பங்குப் பேரவைகளில் தலைகீழ்: திருவிழாப் பந்தலுக்கு எல்லாரையும் கூட்டுகிறோம், நிலம் வாங்க மூன்று பேர் போதும் என்கிறோம்.

இளையவரைக் கேட்பது எப்படி? "யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்றால் முதலில் பேசுபவர் எப்போதும் அதே பெரியவர். அவர் பேசியபின் எதிர்த்துப் பேசுவது மரியாதைக் குறைவாகிவிடும். பேச்சைத் தொடங்குமுன் ஆளுக்கு ஓர் அட்டை, மூன்று நிமிட மௌனம், எழுத வேண்டும். அட்டைகளைக் கலந்து வேறொருவர் வாசிக்கட்டும். அதன்பின் வயதில் இளையவரிலிருந்து வரிசையாக. தலைவர் கடைசியில் பேசுவார். இருபது பேர் என்றால் 50 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரக் கூட்டத்தில் வேறு பொருளே வைக்கக்கூடாது.

இரண்டாவது, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம். திருத்தந்தை 23-ஆம் யோவான் 1959 ஜனவரி 25-இல் அறிவித்தார், 1962 அக்டோபர் 11-இல் தொடங்கினார், 1963 ஜூன் 3-இல் இறந்தார். முடித்தவர் ஆறாம் பவுல், 1965 டிசம்பர் 8. வழிபாடு பற்றிய ஏடு 2,147க்கு 4 என்ற வாக்கில் நிறைவேறியது. இத்தனை ஒருமனம் இருந்தும் பங்குகளில் எங்கே தடுமாறியது? ஆயர்கள் பல ஆண்டு தயாரிப்பும் விவாதமும் செய்து அடைந்த இடத்துக்கு, மக்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரும்படி பல இடங்களில் எதிர்பார்த்தார்கள். பீடம் மக்களை நோக்கித் திரும்பியது, மொழி மாறியது, ஏன் என்று சொல்ல ஆளில்லை. மேலே பேசி முடிக்க எத்தனை மாதம் எடுத்தீர்களோ, கீழே விளக்க அதில் பாதியாவது கொடுங்கள்.

#13 பெரேயாவாசி

வீட்டுக் குழு பற்றி லீதியாள் சிஸ்டர் தொட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரு குழுவில் எத்தனை பேர்? எப்போது பிரிப்பது?

#14 லீதியாள்

மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புகளை (சிறு குழுக்களை) பாருங்கள். 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கூடுகைக் கட்டடத்தின் கடனை அடைக்க வழி தேடினார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. கொடுக்க முடியாதவருக்குப் பொறுப்பாளர் தன் கையிலிருந்து போட வேண்டும். பணம் வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அங்கே நடக்கும் குடியையும் சண்டையையும் நோயையும் கண்டு வந்து சொன்னார்கள். வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூல் ஏற்பாடு மேய்ப்பு ஏற்பாடாக மாறியது. பிறகு வீடு வீடாகப் போவது நேரம் பிடிக்கிறது, வேலைக்காரர்களைத் தனியே சந்திக்க எஜமானர்கள் விடுவதில்லை என்று கண்டு, பன்னிரண்டு பேரையும் ஓரிடத்தில் கூட வைத்தார்கள். திட்டமிட்டு வந்தது எதுவுமில்லை. வந்ததை அடையாளம் கண்டதுதான் தலைமை.

எண்ணிக்கை: 8 முதல் 12. ஆறுக்குக் கீழே போனால் இருவர் வராத வாரம் கூட்டம் கூட்டமாக இருக்காது. பதினான்கைத் தாண்டினால் நான்கு பேர் பேசுவார்கள், பத்துப் பேர் கேட்பார்கள். தொடக்கத்திலேயே ஒவ்வொரு குழுவுக்கும் தலைவர், துணைத் தலைவர் இருவர். துணைத் தலைவர் நான்கில் ஒரு வாரம் நடத்த வேண்டும். பதின்மூன்றாவது ஆள் வந்ததும் துணைத் தலைவர் நான்கைந்து பேரோடு புறப்படுவார் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் பின்னால் பிரித்தால் குடும்பத்தைப் பிரித்த மாதிரி அழுவார்கள்.

கூட்டம் 75 நிமிடம். அதில் பாடம் 25-ஐத் தாண்டக்கூடாது. குழுக்கள் சாவதற்கு முதல் காரணம் அது இன்னொரு பிரசங்கமாக மாறுவது. இரண்டாவது காரணம் உபசரிப்புப் போட்டி: இந்த வாரம் ஒரு வீட்டில் நான்கு வகை என்றால் அடுத்த வாரம் வசதியில்லாத வீடு பின்வாங்கிவிடும். குடிக்க ஏதாவது ஒன்று மட்டும் என்று விதியே போடுங்கள். மூன்றாவது, குழுவில் சொன்னது வெளியே போவது. அதற்கு ஒரு முறை மன்னிப்பு, இரண்டாவது முறை அந்த ஆள் தலைவர் பொறுப்பில் இருக்கக்கூடாது.

#15 செயலர்மேசை

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 2 கொரிந்தியர் 8-இல் பவுல் எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியே கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரையும் கூட வைத்துக்கொள்கிறார், தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு. அப்போஸ்தலருக்கே அந்த ஏற்பாடு தேவைப்பட்டது.

புதிய திட்டத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு. காணிக்கையை உறவினர் அல்லாத இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும், வங்கியில் கட்டுபவர் மூன்றாமவர். காசோலையில் போதகர் கையெழுத்து வேண்டாம். காலாண்டுக்கு ஒருமுறை ஒரு பக்கக் கணக்கு அறிவிப்புப் பலகையில். தரிசனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சிறிய விஷயத்துக்கும் ரசீது இருக்க வேண்டும்.

#16 தச்சன்பட்டறை

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஒன்று, இனிமையானதில்லை. ஜான் வானியே 1964-இல் பிரான்சில் ஆர்ஷ் சமூகத்தைத் தொடங்கியவர். அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் வாழும் அமைப்பு, பல நாடுகளில் பரவியது. அவர் 2019-இல் இறந்தார். அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவு 2020 பிப்ரவரியில் வெளியானது: ஆன்மிக வழிகாட்டல் தேடி வந்த பெண்களை அவர் பாலியல் ரீதியாகத் தவறாகப் பயன்படுத்தியிருந்தார். அமைப்பு அதை மூடி மறைக்காமல் தானே வெளியிட்டது. வீடுகள் தொடர்ந்து இயங்குகின்றன.

தரிசனமுள்ள தலைவரிடம் ஆபத்து அவர் கனவில் இல்லை, அவரை யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்தில் இருக்கிறது. ஆகவே: தனி அறையில் ஆன்மிக ஆலோசனை என்றால் கதவில் கண்ணாடி, தலைவரைப் பற்றிய புகாரை வாங்க, அவர் நியமிக்காத, அவரால் நீக்க முடியாத இருவர், அவர்களில் ஒருவராவது பெண், அவர்களின் தொடர்பு எண் பலகையில், சட்டப்படி குற்றமானது முதலில் காவல்துறைக்கு, கமிட்டிக்கு அல்ல. "நம் போதகர் அப்படிப்பட்டவர் இல்லை" என்பவர்களுக்கு ஒரே பதில்: இந்த ஏற்பாடு அவருக்கு அடுத்து வருகிறவருக்கும் சேர்த்துத்தான்.

#17 நெறியாளர்

16-ஆம் பதிவின் தொடர்ச்சியாகக் குறிப்பிட்ட சபைகளைப் பெயர் சொல்லி எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை தொடரட்டும்.

#18 சும்மா_படிப்பவன்

போதகர் ஐந்து ஆண்டில் மாறிப்போகிறார். அடுத்தவர் வந்து எல்லாவற்றையும் கலைக்கிறார். இதற்கு மருந்து?

#19 கீழ்த்திசை

எண்ணாகமம் 27. மோசே உயிரோடு இருக்கும்போதே யோசுவாவை ஆசாரியனுக்கும் சபைக்கும் முன்பாக நிறுத்தி, "உன் கனத்தில் கொஞ்சம் அவனுக்குக் கொடு" என்று கட்டளை. கொஞ்சம். ஒரே நாளில் மொத்தமும் இல்லை.

நியமிக்கப்படும் போதகர் முறையில் அடுத்தவரை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஆகவே போதகரில்லாத கைகளில் தொடர்ச்சி இருக்க வேண்டும். திட்டக் குழுவுக்கு மூன்றாண்டுப் பதவிக்காலம், ஆனால் எல்லாரும் ஒரே ஆண்டில் விலகாதபடி ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மாறும். தொடர்ந்து இரண்டு காலத்துக்கு மேல் யாருமில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கக் குறிப்பு: என்ன, எப்போது, சாவி யாரிடம், யாரைக் கூப்பிட வேண்டும். புதிய போதகர் வந்ததும் முதல் கூட்டத்தில் தீர்மானங்களை மட்டும் கொடுக்காதீர்கள், காரணங்களையும் கொடுங்கள். காரணம் தெரியாத ஏற்பாட்டைக் கலைக்க யாருக்கும் தயக்கம் இருக்காது.

புதியவருக்கும் ஓராண்டுக்குப்பின் எதையும் மறுபரிசீலனைக்கு வைக்கும் உரிமை உண்டு என்று எழுதிவிடுங்கள். மாற்றத்துக்குத் திறந்த மனம் வேண்டும் என்று மூத்தவர்களிடம் கேட்டவர்கள், தங்கள் மாற்றத்தை மட்டும் கல்வெட்டாக்கக் கூடாது.

#20 பெரேயாவாசி

கடைசியாக ஒன்று. பன்னிரண்டு வாரம் முடிந்தது, ஆராதனை வடிவம் மாறத்தான் போகிறது. பழைய முறையை விரும்பும் முப்பது பேரை என்ன செய்வது? போகட்டும் என்று விடுவதா?

#21 தச்சன்பட்டறை

விடக்கூடாது, அவர்களுக்காக எல்லாவற்றையும் நிறுத்தவும் கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை 7 மணிக்குப் பழைய முறையில் முழு ஆராதனை, மூன்றாண்டுக்கு. அதே போதகர், அதே ஆலயம், பிரதான பீடத்தில். பக்கத்து அறைக்குத் தள்ளினால் அவமானப்படுத்தியதாகும். பாட்டுப் பட்டியலையும் வாசகர்களையும் அந்த முப்பது பேரே ஏற்பாடு செய்யட்டும், செலவு சபையுடையது. மூன்றாண்டு முடியும் தேதியை இப்போதே மினிட்ஸில் எழுதுங்கள். அன்றைக்கு வருகை பன்னிரண்டுக்குக் கீழே இருந்தால் காலாண்டுக்கு ஒன்று, மேலே இருந்தால் இன்னொரு மூன்றாண்டு.

அவர்களில் இருவரைப் புதிய ஆராதனைக் குழுவிலும் சேருங்கள். பழைய பாடல்களின் ராகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான், புதிய குழு அதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் அந்த 7 மணி ஆராதனைக்கு வாத்தியம் வாசிக்க ஆளிருக்காது.

#22 பெரேயாவாசி

நன்றி. வருகைப் பதிவிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். மீதி எட்டு வாரம் கழித்து.